‘ஆம்’ உதிர்ந்த இடம்: பெங்களூருவில் ஒரு சமூக உளவியலாளரின் ஆய்வு வாழ்வை மதிப்பிட்டபோது

நிகழ்வு எதைப் பற்றியது

பெங்களூருவில் ஒரு கல்லூரியின் உளவியல் துறையில் 32 ஆண்டுகள் பாடம் எடுத்த பேராசிரியர் ஒருவர் 2017-ல் பணி ஓய்வு பெற்றார். தமிழர், அந்நகரின் ஸ்ரீராமபுரம் பகுதியில் வளர்ந்தவர். அவருடைய ஆய்வுப் பணியைப் பற்றி ஒரு குறிப்பு எழுதவும், அவர் வீட்டில் இருந்த கள நோட்டுகளை நூலகம் வாங்கி வைக்கலாமா என்று முடிவு செய்யவும் கல்லூரி மூன்று பேர் கொண்ட குழு ஒன்றைப் போட்டது. அவரிடமே படித்தவன், தமிழ் படிக்கத் தெரிந்தவன் என்பதால் எழுதும் வேலை எனக்கு வந்தது. நான்கு மாதத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். ஒன்றரை ஆண்டு பிடித்தது. நடுவில் நான் செய்த ஒரு தவறு, ஆய்வோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு வீட்டைப் போய்த் தொட்டது.

இதே பொறுப்பு நாளைக்கு வேறொரு கல்லூரியில் வேறொருவருக்கு வரும். அவருக்காக எழுதுகிறேன். யார் பெயரும் இதில் இல்லை. சில அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி: 1991 டிசம்பரும் அதற்கு முந்தைய ஒரு நிலநடுக்கமும்

காவிரி நடுவர் மன்றம் 1991 ஜூன் 25-ல் இடைக்கால உத்தரவு போட்டது. ஆண்டுக்கு 205 டிஎம்சி தண்ணீர் தமிழ்நாட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றது. அந்த உத்தரவு டிசம்பரில் மத்திய அரசிதழில் வெளியானதும் பெங்களூருவிலும் மைசூருவிலும் கலவரம் வெடித்தது. தமிழர் குடும்பங்கள் பல, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓசூர், சேலம், தருமபுரி பக்கம் கிளம்பின. எங்கள் மேடம் (நாங்கள் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம்) அப்போது விரிவுரையாளர். வங்கி ஊழியர்களின் பணி நிறைவு பற்றிப் பகுதிநேரமாக ஆய்வு செய்துகொண்டிருந்தார். கலவரம் அடங்கிச் சில நாளில் அந்தத் தலைப்பை மூடி வைத்துவிட்டு, தன் தெருவில் மக்கள் பேசியதை எழுத ஆரம்பித்தார்.

அவருக்கு அந்த யோசனை வந்தது ஒரு பழைய கட்டுரையிலிருந்து. ஒவ்வொரு ஆண்டும் முதல் வகுப்பில் அதைத்தான் சொல்வார், நானும் கேட்டிருக்கிறேன். 1934 ஜனவரி 15-ல் பீகாரைப் பெரிய நிலநடுக்கம் உலுக்கியது. ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் அதன் பிறகு பரவிய வதந்திகளைச் சேகரித்து, 1935-ல் பிரிட்டிஷ் உளவியல் இதழ் ஒன்றில் கட்டுரை வெளியிட்டார். அதிர்வை உணர்ந்தும் கண்முன்னால் பெரிய சேதத்தைப் பார்க்காத மக்கள், இன்னும் மோசமான ஒன்று வரப்போகிறது என்று பேசிக்கொண்டார்கள். பாட்னாவில் புயல் அடிக்கும், சந்திர கிரகணத்தன்று மறுபடி பூமி ஆடும், பிப்ரவரியில் பிரளயம் வரும் என்றெல்லாம் பேச்சு. பின்னால் டார்ஜிலிங்கில் நிலச்சரிவு நடந்தபோது, அழிவை நேரில் பார்த்த மக்களிடம் துர்கானந்த் சின்ஹா இதே மாதிரி ஆய்வு செய்து 1952-ல் வெளியிட்டார். வரப்போகும் பேரழிவு பற்றிய பேச்சு அங்கே அப்படிப் பரவவில்லை.

அமெரிக்காவில் லியோன் ஃபெஸ்டிங்கர் இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தார். பயப்படக் காரணம் இல்லாத இடத்தில் ஏன் பயமூட்டும் வதந்தி பரவ வேண்டும்? பயம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது, வதந்தி அதற்கு ஒரு காரணத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறது என்று அவருக்குப் பட்டது. 1957-ல் அவர் வெளியிட்ட ‘அறிதல் முரண்’ கோட்பாட்டின் (மனதில் இருக்கும் இரண்டு விஷயங்கள் ஒத்துப்போகாதபோது அந்த நெருடலைக் குறைக்க மனம் வழி தேடும் என்பது) தொடக்கப்புள்ளி இதுதான். தன் நூலில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தக் கோட்பாட்டைப் படிக்கும் நம் மாணவர்களுக்கு ஃபெஸ்டிங்கரைத் தெரியும். சலிப்பான வேலையைச் சுவையானது என்று சொல்லச் சிலருக்கு ஒரு டாலரும் சிலருக்கு இருபது டாலரும் கொடுத்துப் பார்த்த அவருடைய சோதனையும் தெரியும். ஜமுனா பிரசாத்தைத் தெரியாது.

மேடம் இரண்டு தெருக்களை எடுத்துக்கொண்டார். ஒன்று தீவைப்பைப் பார்த்த தெரு. இன்னொன்று சத்தத்தை மட்டும் கேட்ட தெரு. சூடான விஷயத்தைத் தொடாதே, பொறு என்று வழிகாட்டி சொன்னாராம். ஆறு மாதம் இழுத்தபின் தலைப்பை மாற்ற ஒப்புக்கொண்டார். ஆய்வேடு 1996-ல் முடிந்தது.

நோட்டுகளில் நாங்கள் பார்த்தது

14 நீள நோட்டுகள். முதல் மூன்றுக்கு அட்டை போயிருந்தது, நூல் கோத்துத் தைத்து வைத்திருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டம்: தேதி, சொன்னவர், சொன்ன வாக்கியம். வாக்கியத்தை வாயில் வந்தபடியே எழுதியிருந்தார், திருத்தவில்லை. கட்டங்களுக்குக் குறுக்கே சிவப்புப் பென்சிலில் சின்னச் சின்ன வட்டங்கள். அவை எல்லாம் ஒரே ஓசையைச் சுற்றித்தான் இருந்தன என்பது எனக்குப் புரிய அரைமணி நேரம் ஆயிற்று. அது வாக்கியக் கடைசியில் வரும் ‘ஆம்’.

முதல் நாள் ஒரு பெண் சொல்கிறார்: “மார்க்கெட் பக்கம் லாரிய எரிச்சாங்களாம்.” மறுநாள் அதே பெண், அதே செய்தி: “லாரிய எரிச்சாங்க.” மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர்: “எங்க சம்பந்தி பார்த்திருக்காரு, லாரி எரிஞ்சத.” மேடம் போய் விசாரித்தால் அந்தச் சம்பந்தி அந்த வாரம் முழுக்கக் காய்ச்சலில் படுத்திருக்கிறார். யாரும் பொய் சொல்ல நினைக்கவில்லை. ‘ஆம்’ உதிர்ந்துவிட்டது, அந்த இடத்தில் ஒரு உறவுக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

கேட்டதைக் கேட்டதாகவே சொல்ல நம் பேச்சில் ஒரே ஒரு ஒட்டு போதும். வந்தாங்களாம், போச்சாம், மூடிட்டாங்களாம். பொறுப்பு என்னுடையது இல்லை என்று அந்த ஒட்டு சொல்லிவிடுகிறது. அது எந்த நாளில், எந்தத் தெருவில், யார் வாயில் காணாமல் போகிறது என்பதைத்தான் மேடம் துரத்தியிருக்கிறார். சேதத்தைப் பார்க்காத தெருவில் அது சீக்கிரம் உதிர்ந்திருக்கிறது. பார்த்த தெருவில், இழந்தது என்ன, யார் எங்கே இருக்கிறார்கள் என்ற பேச்சே அதிகம். இரண்டு தெருவை வைத்துக்கொண்டு பெரிதாக எதையும் நிறுவிவிட முடியாது என்று நோட்டின் ஓரத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுதினார். அங்கே எல்லா வாக்கியமும் ‘மக்கள் சொல்கிறார்கள்’ என்ற ஒரே அச்சில் விழுந்துவிட்டது. தமிழ் இலக்கணம் வெளித் தேர்வாளர்களுக்குப் புரியாது என்று வழிகாட்டி சொன்னதால், ‘ஆம்’ பற்றிய பகுதி பின்னிணைப்பில் நான்கு பக்கமாகச் சுருங்கியது. பிறகு இதழில் வந்த கட்டுரையில் அந்த நான்கு பக்கமும் இல்லை. அவர் கண்டுபிடித்ததில் எது அவருக்கே உரியதோ, அது நோட்டோடு நின்றுவிட்டது.

மேற்கோள் எண்ணிக்கை என்ன காட்டியது

குழு முதலில் கேட்டது எண்ணிக்கையைத்தான். அதில் தவறில்லை, படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. ஒருவர் எழுதிய கட்டுரைகளையும் அவற்றுக்குக் கிடைத்த மேற்கோள்களையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்ல, இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-ல் முன்வைத்த எச்-இண்டெக்ஸ் இன்று பணி உயர்வு வரைக்கும் வந்துவிட்டது. கூகுள் ஸ்காலரில் மேடத்தின் பெயரைப் போட்டேன். கிட்டத்தட்ட ஒன்றும் வரவில்லை.

காரணத்தை இரண்டு நாள் தேடியதும் பிடித்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன் வந்த கட்டுரையில் அப்பாவின் இனிஷியல். பிறகு வந்தவற்றில் கணவரின் இனிஷியல். ஓர் இதழ் முதலில் சொன்ன இனிஷியலை விரித்து, அப்பாவின் பெயரையே குடும்பப் பெயராக அச்சடித்திருந்தது. அதனால் அந்தக் கட்டுரையை எடுத்தாண்டவர்கள் எல்லாரும் அவருடைய அப்பாவின் பெயரைத்தான் எழுதியிருக்கிறார்கள். அப்பா மாநகராட்சியில் கணக்கராக இருந்து 1983-ல் இறந்தவர். மேடத்திடம் இதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்பா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மூன்று பெயர்களையும் சேர்த்தால் எண்ணிக்கை கூடியது. ஆனாலும் பெரிய எண் இல்லை. ஆய்வேடும் இணையத்தில் இல்லை. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா இணையதளம் வருவதற்கு முன் தட்டச்சான எத்தனையோ ஆய்வேடுகளைப் போல அதுவும் பல்கலைக்கழக அலமாரியில்தான் இருந்தது.

எண்ணிக்கைக்குள் வராதவை

அவர் மாணவர்களின் ஆய்வேடுகளைத் தேடிப் பிடித்து ஒவ்வொன்றாகப் புரட்டினோம். மேடத்தின் கேள்விப் பட்டியல் சிலவற்றில் வரிக்கு வரி இருந்தது, பெயர் மட்டும் இல்லை. திருடியதாக நான் நினைக்கவில்லை. வகுப்பில் கையில் கொடுத்த தாள், எல்லாருடைய சொத்து என்று எண்ணியிருப்பார்கள்.

இதைவிட என்னை வருத்தியது வேறு. வெளியூர்க்காரர்களின் இரண்டு கட்டுரைகள் மேடத்தை மேற்கோள் காட்டியிருந்தன, ஆனால் தலைகீழாக. ‘மொழிச் சிறுபான்மையினர் எளிதில் பீதிக்கு ஆளாகிறார்கள்’ என்று அவர் சொன்னதாக இருந்தது. அவர் அப்படி எங்கேயும் எழுதவில்லை. எண்ணிக்கையில் இவை இரண்டும் சாதனையாகவே ஏறும். இது புதிதும் இல்லை. ஆல்போர்ட்டும் போஸ்ட்மனும் 1947-ல் வெளியிட்ட வதந்தி ஆய்வு இதற்குப் பேர்போன உதாரணம். ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்குச் செய்தி எப்படி மாறுகிறது என்று அவர்கள் பார்த்தார்கள். நேரில் பார்த்த சாட்சியே மாற்றிச் சொன்னதாகப் பின்னால் வந்த நூல்கள் சில எழுதிவிட்டன. அதை 1987-ல் இரண்டு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள்.

அப்புறம் கரும்பலகை. 2012 ஆகஸ்ட்டில் வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் பெங்களூருவை விட்டு ரயிலேறினார்கள். தாக்கப் போகிறார்கள் என்ற வதந்திதான் காரணம். மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்ப மத்திய அரசு 15 நாள் தடை போட வேண்டி வந்தது. மேடத்தின் பழைய மாணவி ஒருவர் ஸ்ரீராமபுரம் பக்கம் டியூஷன் நடத்திக்கொண்டிருந்தார். அந்த வாரம் அவர் வாசல் கரும்பலகையில் கோடு போட்டு, ஒரு பக்கம் ‘பார்த்தது’, மறுபக்கம் ‘கேட்டது’ என்று எழுதி வைத்தார். 2016 செப்டம்பர் 12-ல் காவிரிக்காக மறுபடி நகரம் எரிந்தபோது பலகையும் மறுபடி வாசலுக்கு வந்தது. இந்தத் தடவை பாதி தமிழ், பாதி கன்னடம். கன்னடத்தை எழுதியது எதிர்வீட்டுப் பையன். ‘கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்’ என்று ஒரு பெரியவர் சண்டை பிடித்ததால் ‘விசாரிச்சது’ என்று மூன்றாவது கட்டமும் சேர்ந்தது. வாட்ஸாப்பில் வந்த ஒவ்வொன்றையும் நேரம் போட்டு எழுதி, யாராவது போன் பண்ணிக் கேட்டபின் கட்டம் மாற்றினார்களாம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

எண்ணிக்கையைக் கொடுப்பது, ஆனால் குறிப்பின் கடைசியில் கொடுப்பது என்று முடிவு செய்தோம். மூன்று பெயர்களும் ஒருவரே என்று விளக்கி, பெயர் மாறினாலும் ஆய்வாளர் ஒருவரே என்று காட்டும் ஆர்கிட் (ORCID) அடையாள எண் ஒன்று எடுத்துக் கட்டுரைகளை அதில் சேர்த்தோம். குழுவில் ஒருவர், தலைகீழாக மேற்கோள் காட்டியவற்றைக் கழிக்க வேண்டும் என்றார். கழிக்கவில்லை, எவை தவறானவை என்று குறித்தோம். இரண்டு ஆசிரியர்களுக்கும் பக்க எண்ணோடு மரியாதையாகக் கடிதம் எழுதினோம்.

நோட்டுகளில்தான் கருத்து வேறுபாடு. தாள் மஞ்சளாகி உடைகிறது, கரையான் ஒருமுறை வந்துபோயிருக்கிறது, ஸ்கேன் பண்ணி இணையத்தில் போட்டால்தான் பிழைக்கும் என்றார் நூலகர். அவர் கவலை நியாயமானது. மேடம் ஒப்புக்கொள்ளவில்லை. நோட்டுகளில் பெயர் இருக்கிறது, கதவு எண் இருக்கிறது, யார் யாரைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பது இருக்கிறது. 2016 செப்டம்பர் முடிந்து நான்கே மாதம் ஆகியிருந்தது. கடைசியில் ஸ்கேன் செய்வது, இணையத்தில் ஏற்றாமல் இருப்பது, பெயர்களுக்குக் குறியீடு போடுவது, குறியீட்டுப் பட்டியலை மேடமே வைத்துக்கொள்வது என்று ஒத்துப்போனோம். பேச்சுத் தமிழைத் திருத்தக்கூடாது, ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் தனியாக வைக்கக்கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். திருத்தினால் ‘ஆம்’ போய்விடும்.

கரும்பலகையைப் பற்றிக் குறிப்பின் முதல் வரைவில், ‘2016-ல் அந்தத் தெருவில் அசம்பாவிதம் நடக்காததற்கு இந்தப் பலகையே காரணம்’ என்று எழுதியிருந்தேன். மேடம் சிவப்புப் பென்சிலால் கடைசி வார்த்தையை அடித்துவிட்டு மேலே ‘காரணமாம்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். பக்கத்துத் தெருக்களிலும் அசம்பாவிதம் நடக்கவில்லை, அங்கே பலகை கிடையாது. அந்த வரியை எடுத்துவிட்டேன். பலகை இருந்தது, அதை வைத்தவர் மேடத்தின் மாணவி என்பது மட்டும் நின்றது.

என் தவறு

வரைவின் பின்னிணைப்பில், மாதிரிக்காக ஒன்பதாவது நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைத் தட்டச்சு செய்து சேர்த்தேன். பெயரை எடுத்துவிட்டு முதலெழுத்தை மட்டும் வைத்தேன். கதவு எண்ணை நீக்கினேன். அது போதும் என்று நினைத்தேன். கருத்துக் கேட்பதற்காகப் பத்துப் பழைய மாணவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். அதில் ஒருவர் அந்தத் தெருக்காரர். பெருமையில் குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டார். மறுநாள் சாயங்காலத்துக்குள் அது யார் வீட்டுக் கதை என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஒரு தெருவுக்குள் முதலெழுத்தும், அந்தப் பக்கத்தில் பேச்சில் வந்த மாடிப்படியும் இருந்தால் போதும், முகவரி தேவையில்லை. எனக்கு அது முன்னாலேயே தோன்றியிருக்க வேண்டும்.

மேடம் போன் பண்ணி, “கெளம்பி வா, அங்க போகணும்” என்றார். அந்த வீட்டில் எழுபதைத் தாண்டிய அம்மா ஒருவர். தையல் மிஷின் மேல் துணியை மடித்துப் போட்டுவிட்டு எங்களுக்கு இடம் கொடுத்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. மேடத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

“எங்க கதைய நீ எழுதினதுல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நான் சொன்னேன், நீ எழுதின. ஆனா அதுல அந்தம்மாவும் இருக்காங்கல்ல. இத்தனை வருஷமா அவங்க யார்கிட்டயும் சொல்லல. நான் யாரு சொல்றதுக்கு?”

பிறகு என் பக்கம் திரும்பி, “தம்பி, காப்பி ஆறுது” என்றார்.

அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது என்பதை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு கன்னடக் குடும்பம் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குச் செய்த உதவி என்ற அளவு மட்டும் சொல்ல இரண்டு வீட்டாரும் சம்மதித்தார்கள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் மேடம் ரொம்ப நேரம் பேசவில்லை. அல்சூர் ஏரிப் பக்கம் திருவள்ளுவர் சிலையைத் தாண்டியபோது அதைப் பார்த்தார். 1991-ல் நிறுவி, திறக்க முடியாமல் மூடியே வைத்திருந்து 2009-ல் திறந்த சிலை. “நான் அவங்ககிட்ட சம்மதம் கேட்டேன், எதிர்வீட்டம்மாகிட்ட கேக்கவே இல்ல. அவங்க என் ஆய்வுல இல்லன்னு நினைச்சேன்” என்றார். 25 ஆண்டு ஆய்வு முறைகள் சொல்லிக்கொடுத்தவர் தன் பிழையை இப்படி எடுத்து வைத்தது என்னை உலுக்கிவிட்டது. என் தவறை அவர் குறைத்தும் பேசவில்லை.

அந்த வரைவைத் திரும்பப் பெற்றோம். பத்துப் பேரையும் கூப்பிட்டு அழிக்கச் சொன்னோம். வாட்ஸாப்பில் போனது போனதுதான்.

பிறகு நடந்தது

குறிப்பு 2018 நடுவில் ஏற்கப்பட்டது. பின்னிணைப்பில் மாதிரிப் பக்கம் இல்லை. கடிதம் எழுதிய இருவரில் ஒருவர் நன்றி சொல்லி, தன் அடுத்த கட்டுரையில் திருத்திக்கொண்டார். இன்னொருவரிடமிருந்து பதில் இல்லை, நாங்களும் விட்டுவிட்டோம். ஆய்வேட்டின் அந்த நான்கு பக்கப் பின்னிணைப்பை விரித்துத் தமிழில் எழுத மேடம் சம்மதித்தார். முதல் பகுதி முடிந்திருக்கிறது.

நான் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. எங்கள் துறையில் முதுகலை படித்த கன்னட மாணவி ஒருத்தி ‘ஆம்’ பற்றிக் கேட்டுவிட்டு, “எங்க கிட்டயும் இருக்கே சார்” என்றாள். எரித்தார்களாம் என்பதற்கு அவர்கள் ‘சுட்ரந்தெ’ என்கிறார்கள். அந்த ‘அந்தெ’ உதிர்ந்தால் வெறும் ‘சுட்ரு’. கன்னட வீடுகளில் 2016 நினைவுகளை அவள் இப்போது பதிவு செய்து வருகிறாள். மேடம்தான் கேள்விகளைப் பார்த்துக் கொடுக்கிறார். இந்தத் தடவை கேள்வித் தாளின் அடியில் மேடத்தின் பெயர் இருக்கிறது.

மறுபடி செய்வதானால்

நோட்டைத் திறப்பதற்கு முன்பே அந்தத் தெருவுக்குப் போவேன். சம்மதத்தைப் பேசினவரிடம் மட்டும் கேட்காமல், பேச்சுக்குள் வருகிறவர்களிடமும் கேட்க வழி தேடுவேன். கேட்க முடியாதபோது அந்தப் பகுதியை மூடி வைப்பேன். பெயரை மறைத்துவிட்டோமா என்பதைக் கல்லூரியில் உட்கார்ந்து முடிவு செய்ய முடியாது. அதே தெருக்காரர் ஒருவர் படித்துப் பார்த்து, அடையாளம் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும்.

ஆய்வு தொடங்கும் மாணவிகளிடம் முதல் நாளே, எந்த இனிஷியலோடு, எந்த எழுத்துக்கூட்டலில் வாழ்நாள் முழுக்க எழுதப் போகிறாய் என்று கேட்கிறேன். நோட்டை எந்த மொழியில் எழுதுகிறாயோ அந்த மொழியின் வாக்கியத்தை ஆய்வேட்டிலும் வை, பக்கத்தில் ஆங்கிலம் போட்டுக்கொள் என்றும் சொல்கிறேன். வழிகாட்டி மறுத்தால் என்னிடம் வா என்கிறேன். இதுவரை இரண்டு பேர் வந்திருக்கிறார்கள்.

பதின்மூன்று நோட்டுகள் நூலகத்தில் இருக்கின்றன. ஒன்பதாவது நோட்டு மேடம் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. அதை என்ன செய்வது என்பதை அந்த இரண்டு வீட்டாரும் சேர்ந்து சொல்லட்டும் என்று விட்டிருக்கிறோம்.